சார்ஜென்ட்டின் பின்விரல்

எங்கள் கேமரா சங்கத் தலைவர் க்ளைவ் ஹார்ட்நெல்லின் நெற்றியை ஒரு மேக்பை கிழித்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. செப்டம்பர் பிறந்து கூட்டில் குஞ்சும் பொரித்துவிட்டால், எங்கள் ஊர் வாலபிண்டாவில் இந்தக் கறுப்பு வெள்ளைப் பறவைகள் யாருடைய நெற்றியையாவது கிழித்துக்கொண்டுதான் இருக்கும். தபால்காரனைக் கிழிக்கும், பாதிரியாரைக் கிழிக்கும், சைக்கிளில் போகிற பல் டாக்டரைக் கிழிக்கும். நாங்களும் காலி ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்து, அதன் பின்பக்கம் இரண்டு பெரிய கண்களை வரைந்துகொண்டு நடப்போம். பின்னாலும் கண் இருக்கிறவனை அது தாக்காது என்று ஒரு நம்பிக்கை. தாக்கும். இருந்தாலும் வரைவோம்.

ஆச்சரியம் எதுவென்றால், க்ளைவின் நெற்றி கிழிபட்டதை நோரீன் ட்ரெலோர் படம் எடுத்துவிட்டாள்.

நோரீன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள். கேமரா சங்கத்தில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அன்றைக்குத்தான் புது லென்ஸ் ஒன்றை மாட்டிப் பார்க்க வெளியே வந்திருந்தாள். ஜூம் இல்லாத லென்ஸ். முன்னே பின்னே இழுக்க முடியாது, ஆளைத் தெளிவாகப் பிடித்துப் பின்னணியைக் கரைத்துவிடும். அதில் ஒரே ஒரு குற்றம். கேமராவைச் செய்தது ஒரு கம்பெனி, லென்ஸைச் செய்தது வேறொரு கம்பெனி. எங்கள் சங்கத்தில் அதற்குப் பெயர் வெளியார் லென்ஸ். கேமரா கம்பெனியே செய்து, மூன்று மடங்கு விலைக்கு விற்றால் அது வீட்டு லென்ஸ்.

என் பெயர் கெவ். சங்கத்தில் எனக்கு டீ பாய்லர் பொறுப்பு. பாய்லர் பொறுப்பாளருக்கு ஓட்டுரிமை கிடையாது என்று விதியில் இருக்கிறது. அதனால் நான் சொல்வதில் பாரபட்சம் இருக்காது. கோபம் இருக்கும். அதற்கு விதி ஒன்றும் தடை சொல்லவில்லை.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்ட கையோடு க்ளைவ் நகராட்சிக்குப் போய், சங்கக் கட்டடத்து யூக்கலிப்டஸ் மரத்தில் கூடு வைத்திருக்கும் மேக்பைதான் குற்றவாளி என்று புகார் கொடுத்தார். அந்த மரத்துப் பறவையை ஊருக்கே தெரியும். நோரீன் அதற்கு சார்ஜென்ட் என்று பெயர் வைத்து, தினமும் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கொத்துக்கறி போடுவாள். அது அவள் பின்னாலேயே மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். இந்தப் பறவைகளுக்கு மனித முகம் மறக்காது. தனக்குத் தீங்கு செய்யாதவனை சார்ஜென்ட் ஒருநாளும் தொட்டதில்லை. க்ளைவைக் கிழித்தது நாலு வீடு தள்ளி, பௌலிங் கிளப் பைன் மரத்தில் இருக்கிற ரவுடி. அதற்கு இடது காலில் பின்விரல் கிடையாது. நோரீனின் படத்தில் அந்த விரலில்லாத கால் க்ளைவின் புருவத்துக்கு மேலே விரிந்து நின்றது.

நகராட்சியில் பறவை, நாய், பாம்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவன் டாரில். நோரீன் படத்தை அவனிடம் காட்டினாள்.

"எனக்கு எந்தப் பறவை மேலயும் கோவம் கிடையாது, நோரீன்" என்றான் அவன். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு மேக்பைய சுடணும்னு உத்தரவு. எதைன்னு சொல்லு, சுடுறேன்."

"விரலில்லாதது. இந்தா, படத்துலயே தெரியுதே."

"தெரியுது. ஆனா தெரியுதுன்னு சொல்ற தகுதி எனக்கில்ல. எனக்குக் கண்ணு நல்லா இருக்கு, அவ்வளவுதான். படம் ஃபோகஸ்ல இருக்குன்னு கேமரா சங்கம் எழுதிக் குடுக்கணும். குடுத்தா அத சுடுறேன். குடுக்கலன்னா தலைவர் கைகாட்டுறத சுடுறேன்."

இப்படித்தான் ஒரு பறவையின் உயிர் எங்கள் சங்கத்தின் கையில் வந்து விழுந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது பூவை மோந்து பார்த்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டார்கள். நான் கையில் சாசேஜ் தட்டோடு நின்றேன், வாயை மூட மறந்துபோனேன். ரத்தம் துளித்துளியாகத் தெறித்து நிற்கிறது. ஒவ்வொரு துளியிலும் வானம் தெரிகிறது. பறவையின் இறகு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம். விரலில்லாத கால் அப்பட்டமாகத் தெரிகிறது. அதற்குக் கீழே எங்கள் தலைவரின் வாய் அகலத் திறந்திருக்கிறது. வாயிலிருந்து அவருடைய மேல் பல்செட் வெளியேறி, காற்றில் தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது.

பின் வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

க்ளைவ் எழுந்தார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் கட்டு.

"நண்பர்களே, இது என் பல்லப் பத்தின விஷயம் இல்ல. இது ஒரு சங்கத்தோட தரத்தப் பத்தின விஷயம். படம் தெளிவா இருக்கா? இருக்கு. அத நான் மறுக்கல. தெளிவா இருக்கிறது மட்டும் போதுமா? நம்பகமாத் தெளிவா இருக்கணும். வெளியார் லென்ஸ் ஒண்ணு தானா ஃபோகஸ் பிடிச்சுதுன்னா, அது பிடிச்சுதா, இல்ல தற்செயலா மாட்டுச்சா? நோரீன், எத்தன படம் எடுத்தீங்க?"

"மூணு, தலைவரே."

"மூணுல எத்தன தெளிவு?"

"மூணும்."

க்ளைவ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஒண்ணுகூடத் தப்பலயாம். நான் நாப்பது வருஷமா வீட்டு லென்ஸ் வச்சிருக்கேன், எனக்குப் பாதி தப்பும். இந்த லென்ஸ் எதையோ மறைக்குதுன்னு இதுலயே தெரியல?"

கை தட்டினார்கள். நோரீன் என்னைப் பார்த்தாள். நான் சாசேஜைப் பார்த்தேன்.

இதைத் தீர்க்க நகரத்திலிருந்து ஒரு நடுவரை வரவழைத்தார்கள். பெயர் வாரன் பிக்காம். அங்கீகாரம் பெற்ற நடுவர்; கழுத்தில் பட்டயம் தொங்கும். அவர் கொண்டுவந்த வீட்டு லென்ஸ் ஒரு குழந்தை அளவு இருந்தது, தனி நாற்காலி போட்டார்கள். நோரீனின் லென்ஸை அவர் கையால் தொடவில்லை.

"ஒருதடவ மாட்டிப் பாருங்களேன்" என்றாள் நோரீன்.

"மாட்டிப் பாத்தா அபிப்பிராயம் உண்டாயிடும்மா. நடுவருக்கு அது ஆகாது. என் படத்துல இதுவரைக்கும் ஃபோகஸ் தப்பினதே கிடையாது, தெரியுமா?"

"ஒண்ணுகூடவா?"

"தப்பினத எல்லாம் அழிச்சிடுவேன்."

முதல் சோதனை, கழிப்பறைச் சுவர். சங்கத்துக்கு வருகிற எந்த லென்ஸும் முதலில் அந்தச் செங்கல் சுவரை எடுத்தாக வேண்டும். ஊரிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட இடம் அது. நோரீன் எடுத்தாள். ஒவ்வொரு செங்கல்லும் தெளிவு. அதன்மேல் யாரோ கிறுக்கிய கெட்ட வார்த்தையும் தெளிவு. வாரன் நெடுநேரம் பார்த்தார்.

"சுவர் தேறிடுச்சு. ஆனா சுவர் யாரையும் தாக்கலயே. தாக்குற பொருள் மேல ஃபோகஸ் நிக்குதான்னு பாக்கணும். குற்றவாளிய வச்சே சோதிக்கலாம்."

"அது குற்றவாளி இல்ல. அதச் சொல்லத்தானே இந்தப் படமே" என்றாள் நோரீன்.

"படத்த நம்பலாமான்னுதானம்மா இந்தச் சோதனையே."

வாரனின் நியாயம் நாய்வால் மாதிரி சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் சங்கம் முழுக்க சார்ஜென்ட்டின் மரத்தடியில் கூடியது. எல்லோர் தலையிலும் ஐஸ்கிரீம் டப்பா. டப்பாவின் பின்னால் கண்கள். சில பேர் கேபிள் கட்டுகிற பிளாஸ்டிக் நாடாக்களை முள்ளாகச் செருகியிருந்தார்கள். கண் வரைவதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு போட்டி. வாரன் தன் டப்பாவில் இமைமயிர்வரை வரைந்திருந்தார். நோரீன் வெறுந்தலையோடு வந்தாள்.

சார்ஜென்ட் கீழே இறங்கி வந்து, அவள் செருப்பைச் சுற்றி நடந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, போய்விட்டது. யாரையும் தாக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபடியும் வந்து புழு தோண்டியது.

"ஒத்துழைக்க மாட்டேங்குது" என்றார் க்ளைவ். ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துக் கூட்டை நோக்கி எறிந்தார்.

"எறியாதீங்க" என்றாள் நோரீன். "இன்னிக்கு வரைக்கும் அது யாரையும் கொத்தினதில்ல. நீங்க எறிஞ்சா கொத்தும். அப்புறம் கொத்துச்சுன்னு சொல்லுவீங்க."

"சோதனையில உணர்ச்சிக்கு இடம் கிடையாதும்மா" என்றார் வாரன். க்ளைவ் கேமரா நிறுத்துகிற ஒற்றைக்கால் கம்பத்தை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டு, கூட்டின் அடியில் குத்தினார். ஒரு குஞ்சு கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் க்ளைவின் பூட்ஸ் இருந்தது.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு சங்கமே வரிசையில் நின்று விட்டுக்கொண்டது.

சார்ஜென்ட் வந்தது. சத்தமே இல்லை, இறக்கை விசிறுகிற காற்று மட்டும். முதல் வீச்சில் வாரனின் காதுமடல் பாதி கிழிந்து தொங்கியது. இரண்டாம் வீச்சில் செயலாளர் டப்பாவோடு குப்புற விழுந்து முன்பல் உடைந்தது. க்ளைவ் கம்பத்தை வாள் மாதிரி சுழற்றினார். பறவைக்குப் படவில்லை, வாரனின் முழங்காலில் பட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. வாரன் அங்கீகாரம் பெற்ற நடுவர்; கையில் இருந்த வீட்டு லென்ஸை இரண்டு கையாலும் தூக்கி க்ளைவின் மூக்கில் இறக்கினார். அந்த லென்ஸ் அவ்வளவு துல்லியமாக இலக்கைப் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கணக்கில்லை. சங்கத்தில் கறுப்பு லென்ஸ் செய்கிற கம்பெனியை நம்புகிறவர்களுக்கும் வெள்ளை லென்ஸ் செய்கிற கம்பெனியை நம்புகிறவர்களுக்கும் பல வருஷப் பகை. இதைவிட நல்ல சமயம் வருமா? முக்காலியால் அடித்தார்கள், கேமரா வாரால் கழுத்தை இறுக்கினார்கள். சேற்றில் புரண்டார்கள். ஒருவர் இன்னொருவர் கையைக் கடித்துக்கொண்டே, "உன் படத்துல நிறமெல்லாம் பச்சையடிக்குதுடா, உன் நிறமெல்லாம் பச்சையடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலே சார்ஜென்ட் மாறி மாறி இறங்கி, வரைந்த கண்களுக்கு நடுவே டப்பாவைத் துளைத்தது. நான் மரத்தடிக்குக் கொண்டுவந்திருந்த டீ பாய்லருக்குப் பின்னால் இருந்தேன். வெந்நீரை ஊற்றலாமா என்று யோசித்தேன். பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

நடுவில் நோரீன் மட்டும் நின்றபடி படம் எடுத்தாள். அவளை அது தொடவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓட ஓட எடுத்தாள்.

மறுநாள் கட்டுகளோடும் ஊன்றுகோலோடும் சங்கம் கூடியது. முதலில் வாரனின் படங்கள். இப்போது வருகிற கேமராக்கள் எங்கே கண்ணைக் கண்டாலும் அதில்தான் ஃபோகஸைப் பூட்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய கேமராவும் கண்ணைக் கண்டது. ஐஸ்கிரீம் டப்பாவில் வரைந்த கண்ணை. படத்துக்குப் படம் டப்பாக் கண்களின் பேனா மை கசிந்ததுகூடத் தெளிவு. பறவை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

அடுத்து நோரீனின் படங்கள். எல்லாவற்றிலும் சார்ஜென்ட்டின் கண்ணில் ஃபோகஸ். இடது காலில் பின்விரல் இருக்கிறது, அதன் நகம் இருக்கிறது, நகத்தில் வாரனின் காது இருக்கிறது.

"பாருங்க" என்றாள் நோரீன். "நாலு விரலும் இருக்கு. அன்னிக்கு எடுத்ததுல மூணுதான் இருக்கு. ரெண்டும் வேற வேற பறவை. வேற என்ன வேணும்?"

வாரன் ஊன்றுகோலை ஊன்றி, காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைக் கட்டினவளையே கோணல் என்றார்.

"வீட்டு லென்ஸ் தன் கடமையச் செஞ்சிருக்கு. கண்ணத் தேடுச்சு, கண்டுபிடிச்சுது. அது யாரு வரைஞ்ச கண்ணுன்னு பாக்குறது லென்ஸோட வேலை இல்ல. கறையா இருக்கிற பறவையப் பாத்தீங்கன்னா, அதுல ஒரு கெட்ட எண்ணம் தெரியுது. தெளிவா எடுத்திருந்தா அது தெரிஞ்சிருக்காது."

"என் படம்?"

"உங்கள அது தாக்கல. பதட்டமில்லாம எடுத்த படம். ஃபோகஸ் நின்னது லென்ஸாலயா, இல்ல உங்க ரெண்டு பேருக்கும் இருக்கிற பழக்கத்தாலயான்னு எப்படிச் சொல்றது? ஒரு பறவையோட சிபாரிசுல தேறின லென்ஸ சங்கம் ஏத்துக்க முடியாது."

க்ளைவ் மூக்கிலிருந்த பஞ்சுக்கு நடுவே பேசினார். "அதுவுமில்லாம, நேத்து அது இத்தன பேரத் தாக்கிடுச்சு. இனிமே போன வாரம் தாக்குச்சா இல்லையாங்கிற கேள்வி எதுக்கு?"

ஓட்டெடுத்தார்கள். நான் கையைத் தூக்கினேன். கீழே போடச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை டாரில் துப்பாக்கியோடு வந்தான். நோரீன் மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். செயலாளரும் இன்னொருவரும் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்ததில் அவள் தோள் மூட்டு விலகியது. அவள் கத்தியதைக் கேட்டு, சார்ஜென்ட் கிளையை விட்டு அவளிடம் இறங்கி வந்தது. கறி போடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்ததோ என்னவோ. டாரிலுக்குக் குறி வைக்க வசதியாகப் போயிற்று. முதல் குண்டு இறக்கையைப் பிய்த்தது. அது புல்லில் ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவது குண்டு தேவைப்பட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு இன்றுவரை சோறு ஒழுங்காக இறங்குவதில்லை.

டாரில் குனிந்து பார்த்தான். "இதுக்கு எல்லா விரலும் இருக்கே."

நோரீன் நல்லாயிருந்த கையால் கேமராவை எடுத்து, புல்லில் மண்டியிட்டு, செத்த பறவையின் இடது காலை ஒரே ஒரு படம் எடுத்தாள். அதைச் சங்கத்துக்கு அனுப்பினாள். என்ன எதிர்பார்த்தாளோ தெரியாது. வெட்கப்படுவார்கள் என்று நினைத்திருப்பாள் பாவம்.

சங்கம் ஏகமனதாக மகிழ்ந்தது. ஆண்டு விழாவில், சாசேஜுக்கும் கேக்குக்கும் நடுவே, க்ளைவ் நோரீனை மேடைக்கு அழைத்து ஒரு சான்றிதழ் கொடுத்தார். சட்டம் போட்டு, கண்ணாடி வைத்தது.

"சங்கம் யாருக்கும் விரோதி இல்ல" என்றார் க்ளைவ். "நோரீனோட கடைசிப் படம் குறைசொல்ல முடியாத தெளிவு. பொருளும் முழு ஒத்துழைப்புக் குடுத்திருக்கு. அதனால இந்த வெளியார் லென்ஸ, அசையாத பொருள்களுக்கு மட்டும் நம்பகமானதுன்னு அங்கீகரிக்கிறோம். என் கையெழுத்தே போட்டிருக்கேன்."

நோரீன் அதை வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். அந்தச் சான்றிதழை அவள் பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே மாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் சங்கக் கட்டடத்துக் குப்பைத் தொட்டிகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். க்ளைவ் பௌலிங் கிளப் பக்கமிருந்து நடந்து வந்தார். குற்றவாளிதான் செத்துவிட்டதே என்று தலையில் டப்பாகூட இல்லை. பைன் மரத்து ரவுடி பின்னாலிருந்து வந்து, பழைய தையலைச் சரியாகப் பிரித்தது. அவர் திரும்பினார், கன்னத்தில் கொத்தியது. முகத்தை மூடினார், மூடின கைவிரலைப் பிய்த்தது. முழங்கால் மடங்கி நடைபாதையில் விழுந்தார். ரத்தம் சட்டைக் காலரில் ஊறியது. பல்செட் சாக்கடை ஓரம் உருண்டது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய நோரீனின் பஸ் அவருக்கு எதிரே வந்து நின்றது. கதவு திறந்தது. கேமரா அவள் மடியில்தான் இருந்தது.

"நோரீன்" என்றார் க்ளைவ், பல்லில்லாத வாயால். "எடு. அதோட கால எடு. படம் இல்லாம டாரில் வரமாட்டான்."

நோரீன் கேமராவைத் தூக்கி, கண்ணில் வைத்து, அவரையும் அவர்மேல் இறங்குகிற பறவையையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"முடியாது, தலைவரே. அது அசையுது. நீங்களும் அசையுறீங்க."

"எடு நோரீன், கண்ணு போயிடும்."

அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்த சட்டத்தை விரலால் தட்டிக் காட்டினாள்.

"நீங்க போட்ட கையெழுத்துதான். சாயங்காலம் இதே வழியாத்தான் வருவேன். அதுக்குள்ள நீங்க அசையாம இருந்தா ஒண்ணு எடுத்துத் தர்றேன்."

கதவு மூடிக்கொண்டது. பஸ் போயிற்று. நான் அடுத்த தொட்டியை இழுக்கப் போனேன்.